காற்றுக்குப் பறக்காத கொட்டகை

2011 டிசம்பர் 30, விடிந்தும் விடியாத நேரம். தானே புயல் எங்கள் ஊரான கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்துகொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் இடுக்கு வழியாகக் கொல்லைப்புறத்துக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கதவின் தாழ்ப்பாள் பிய்ந்தது. காற்று உள்ளே புகுந்ததும் கூரை துருத்தி மாதிரி இரண்டு தடவை மேலும் கீழும் போனது. மூன்றாவது தடவை கீழே வரவில்லை. ஷீட்டும் அதைத் தாங்கிய பைப்பும் சேர்ந்து எழும்பி, இரண்டு வீடு தாண்டி ஒரு பலாமரத்தில் போய்ச் சிக்கின. நான்கு தூண்களும் நட்டது நட்டபடி நின்றன.

மறுநாள் ஈரமண்ணில் ஒரு ஜே போல்ட் கிடைத்தது. ஷீட்டைப் பைப்போடு கொக்கி மாதிரி பிடித்திருக்க வேண்டிய கம்பி அது. கொக்கி முழுக்க நிமிர்ந்து நேர்க்கம்பியாகிவிட்டிருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

கடலூர் செம்மண்டலம் பக்கம் எங்கள் வீடு. கடல் மூன்று கிலோமீட்டருக்குள். 22 வருடமாக ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். யார் எதை வாங்கிப் போகிறார்கள், மூன்று வருடம் கழித்து எதற்காகத் திரும்பி வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் கொல்லையில் மூன்று தடவை கொட்டகை போட்டாகிவிட்டது. முதலாவது தானேயில் போனது. அவசரமாக 2012இல் போட்ட இரண்டாவது, தூண்கள் தரைமட்டத்தில் துருப்பிடித்து எட்டே வருடத்தில் ஆட்டம் கண்டது. 2022இல் கட்டிய மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். 10 அடிக்கு 12 அடி. தேங்காய், விறகு, ஏணி, கடப்பாரை, மண்வெட்டி, இரண்டு சைக்கிள், நாலைந்து மூட்டை மல்லாட்டை (நிலக்கடலை) வைக்க அது தாராளம்.

கூரையை அழுத்துவது அல்ல, தூக்குவது

கொட்டகை என்றாலே மேலிருந்து கீழே வரும் பாரத்தைத் தூண் தாங்க வேண்டும் என்றுதான் நினைக்கிறோம். நம் கடற்கரையில் கணக்கு தலைகீழ். தானே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வரை வீசியது. 140 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய எட்டரை கிலோ விசையோடு கூரையை மேலே இழுக்கும். 10க்கு 12 கொட்டகைக்குச் சுற்றிலும் ஒரு அடி இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) விட்டால் கூரை 12க்கு 14, அதாவது 168 சதுர அடி. பெருக்கிப் பாருங்கள், 1,400 கிலோவைத் தாண்டும். அந்தக் கூரை ஷீட்டின் மொத்த எடையோ 70, 80 கிலோதான். கதவு பிய்ந்து காற்று உள்ளேயும் புகுந்துவிட்டால், மேலிருந்து இழுப்பதோடு கீழிருந்து தள்ளுவதும் சேர்ந்துகொள்ளும். எங்கள் முதல் கொட்டகைக்கு நடந்தது அதுதான்.

எனவே இந்தக் கொட்டகையை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டை ஸ்க்ரூ பிடிக்கிறது, ஸ்க்ரூவைச் சட்டம் பிடிக்கிறது, சட்டத்தைக் கைமரம், கைமரத்தைத் தூண், தூணைப் போல்ட், போல்ட்டைக் கான்கிரீட், கான்கிரீட்டை மண். சட்டம் என்பது ஷீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் பைப், கைமரம் அதைத் தாங்கும் சாய்வுப் பைப். நடுவில் ஒரு கண்ணி லேசாக இருந்தாலும் அந்த இடத்தில் அறுந்துவிடும். ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் சேர்த்தாலும் மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்கு வராது. ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது அங்கேதான். கடையில் தினமும் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை.

எப்போது, எங்கே

தை பிறந்ததும் தொடங்கி, ஆனிக்குள் முடித்துவிடுங்கள். ஆடியில் புது வேலை தொடங்க மாட்டோம், ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். பொங்கலுக்கு ஊருக்குப் போன சித்தாள்கள் திரும்பி வரப் பத்து நாள் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சொந்த மனைதானே என்று நேராகக் கடப்பாரையைப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. மனையைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும் என்பது அவற்றின்படிதான். கடலூர் 2021இல் மாநகராட்சியாகிவிட்டதால் நகருக்குள் இருப்பவர்கள் அங்கே கேட்க வேண்டும், வெளியே இருப்பவர்கள் பஞ்சாயத்தில். புதுச்சேரிக்காரர்களுக்கு அவர்களுடைய விதிகள் தனி. தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி கடலை ஒட்டிய இடம் என்றால், கடல்நீர் ஏறும் உச்ச எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் வரும், அதையும் சேர்த்து விசாரியுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் மனையை வரைந்து, கொட்டகையின் அளவைக் குறித்து எடுத்துப் போனால் பேச்சு சுலபமாக முடியும்.

பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் கூரைத் தண்ணீர் அவர்கள் மனையில் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. அவர்கள் மதில்சுவரைக் கொட்டகைக்குச் சுவராக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். புயலே இல்லாவிட்டாலும் ஒரு காய்ந்த மட்டையும் நான்கு நெற்றும் விழுந்தால் ஷீட் குழிந்துவிடும். முருங்கைக்குப் பக்கத்திலும் வேண்டாம், சின்னக் காற்றுக்கே கிளை முறியும். செப்டிக் டேங்கின் மூடிக்கு மேலே தரை போட்டு மூடிவிடாதீர்கள். என் மாமியார் ஈசான்ய மூலையில் பாரம் ஏற்றக் கூடாது என்று சொன்னார். எங்கள் கிணறும் அந்த மூலையில்தான் இருக்கிறது, அதனால் தென்மேற்கு மூலையைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டின் பின்சுவரிலிருந்து ஒரு ஆள் ஏணியோடு நடக்கிற அளவு, நான்கு அடியாவது, இடைவெளி விடுங்கள். பிறகு பெயிண்ட் அடிக்கவும் ஸ்க்ரூ முடுக்கவும் நாலு பக்கமும் போய்வர வேண்டும்.

தண்ணீர்க் கோடு

எங்கள் மதில்சுவரின் உள்பக்கம் நீல ஆயில் பெயிண்டில் ஒரு கோடு இருக்கிறது. 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரம், தரையிலிருந்து 11 அங்குலம். தண்ணீர் வடிந்த அன்றே, சுவரில் சேற்றுத் தடம் காய்வதற்குள், என் கணவர் போட்ட கோடு அது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு இல்லையென்றால் தெருவில் வயதானவர்களைக் கேளுங்கள், எந்தப் படி வரை வந்தது என்று சரியாகச் சொல்வார்கள்.

அந்தக் கோட்டுக்கு மேல் அரை அடியாவது உயர்த்திப் பேஸ்மட்டம் போட வேண்டும். நாங்கள் ஒன்றரை அடி போட்டோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தது. எங்கள் கொல்லையில் 14 அங்குலம் தண்ணீர் நின்றது. கொட்டகைத் தரைக்கு இன்னும் நான்கு அங்குலம் மிச்சம் இருந்தது. இப்போது மதிலில் இரண்டு கோடுகள் இருக்கின்றன.

நூல் பிடிப்பது

மூலைமட்டம் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு மூலையில் முளையடித்து, ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்து குறி வையுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் மூலை நேராக இருக்கிறது. நான்கு மூலையும் ஆனபிறகு குறுக்காக அளந்து பாருங்கள். 10க்கு 12 என்றால் இரண்டு குறுக்களவும் 15 அடி ஏழரை அங்குலம் வர வேண்டும். இரண்டுக்கும் அரை அங்குல வித்தியாசம் இருந்தால்கூட நூலை அவிழ்த்து மறுபடி பிடியுங்கள். இங்கே விட்ட அரை அங்குலம் கூரை போடும் நாளில் ஷீட் கோணலாகப் போகும்போதுதான் கண்ணில் படும்.

தூண் ஆறு: நான்கு மூலைக்கு நான்கு, 12 அடிப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று.

பள்ளம், கம்பி, போல்ட்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கொட்டகை நிற்பதும் போவதும் இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடி சதுரத்தில் 3 அடி ஆழம் தோண்டச் சொன்னேன். மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "என்னம்மா, கொட்டாய்க்கு எதுக்கு இவ்வளவு ஆழம்? நாம என்ன வீடா கட்டுறோம்?" என்றார். "வீட்டுக் கூரை கான்கிரீட்டுண்ணே, அது எழும்பாது. இது எழும்பும். தோண்டுங்க," என்றேன். அவர் தானேயை வண்டிப்பாளையத்தில் இருந்து பார்த்தவர். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அடியில் அரை அடிக்குப் பெரிய ஜல்லியைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்குங்கள். மேலே இரண்டரை அடிக்குக் கான்கிரீட். ஒன்றரைக்கு ஒன்றரைக்கு இரண்டரை, ஐந்தே முக்கால் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. எடை 380 கிலோ. ஆறு பள்ளத்துக்கும் சேர்த்து 2,300 கிலோ வரும். கூரையை இழுக்கும் 1,400 கிலோவுக்கு எதிரே இதை வைத்துப் பாருங்கள், அப்போதுதான் ஆழம் எதற்கு என்பது புரியும். ஒரு அடி ஆழம் தோண்டித் தூணைச் சொருகிப் பாண்டுச் சட்டியால் கலவையை ஊற்றினால் 100 கிலோகூடத் தேறாது.

கடலோர மணல் என்றால் தோண்டத் தோண்டச் சரியும். தோண்டும் முன் மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, தேவைப்பட்டால் பலகை அடைத்துக்கொண்டு தோண்டுங்கள். களிமண் என்றால் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அங்கே இன்னும் அரை அடி சேர்த்துப் போங்கள்.

கலவை 1:1½:3. சிமென்ட் ஒன்று, எம்-சாண்ட் ஒன்றரை, முக்கால் அங்குல ஜல்லி மூன்று. ஒரு மூட்டைச் சிமென்ட் 1¼ கன அடி. அந்த அளவுக்கு ஒரு மரப்பெட்டி செய்துகொண்டால் கலவை மாறாது. பாண்டால் அளந்தால் ஒருவர் கூம்பாக நிரப்புவார், இன்னொருவர் தலை தட்டி நிரப்புவார். ஆறு பள்ளத்துக்கும் சேர்த்து எட்டு மூட்டை, அவற்றின் மேல் பேஸ்மட்டம் வரை எழும்பும் ஒரு அடிச் சதுரக் கான்கிரீட் தூண்களுக்கு இரண்டு மூட்டை, ஆகப் பத்து. மணல் 20 கன அடி, ஜல்லி 40 கன அடி போதும். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். கலவை இளக்கமாக இருந்தால் போட வசதி என்று கூட ஒரு குடம் ஊற்றுவார்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், விடாதீர்கள். உப்புத் தண்ணீர் போர் என்றால் அதைக் கலவைக்குப் பயன்படுத்தவே கூடாது. உள்ளே இருக்கும் கம்பியை அது அரித்துவிடும். நாங்கள் குடிதண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டுதான் கலந்தோம்.

2012இல் நாங்கள் செய்த தவறு, இரும்புத் தூணை நேராகக் கான்கிரீட்டுக்குள் புதைத்தது. இரும்பும் கான்கிரீட்டும் சேரும் விளிம்பில் மழைத் தண்ணீர் தேங்கும், உப்புக்காற்று படியும். எட்டாவது வருடம் ஒரு நாள் தூணின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். வெல்லப் பாகு உறைந்த தட்டை மாதிரி உடைந்து உள்ளே போய்விட்டது. மேலே ஏழு அடிப் பைப் புதுசு மாதிரி இருந்தது, அடியில் இரண்டு அங்குலம் இல்லை. மாற்ற வேண்டுமென்றால் கான்கிரீட்டை உடைக்க வேண்டும்.

அதனால் இந்தத் தடவை தூணின் அடியில் 8 அங்குலச் சதுரத்தில் 10 மி.மீ. தகடு வெல்டு செய்து, அதைக் கான்கிரீட்டுக்குள்ளிருந்து வரும் நான்கு போல்ட்டில் உட்கார வைத்தோம். 12 மி.மீ. போல்ட், ஒன்றரை அடி நீளம், அடியில் எல் மாதிரி வளைத்தது. நான்கு 10 மி.மீ. கம்பிக்கு 8 மி.மீ. வளையம் கட்டிக் கூடு செய்து, போல்ட்டுகளை அந்தக் கூட்டோடு கட்டுக்கம்பியால் இறுக்க வேண்டும். கலவை ஒட்டாமல் இருக்க மரையில் கிரீஸ் தடவிப் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிவிடுங்கள். கான்கிரீட் தலைப்பைக் கொட்டகைத் தரைக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தி, ஓரங்களை வெளிப்பக்கம் சரித்துப் பூசினால் தகட்டில் தண்ணீர் நிற்காது.

ஒரு எச்சரிக்கை. தகட்டில் துளை போடும்போதே ஒரு பிளைவுட் துண்டை அதன்கீழ் வைத்து, அதே நான்கு துளையையும் அதிலும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கான்கிரீட் போடும்போது போல்ட்டுகளை அந்தப் பிளைவுட்டில் மாட்டி வைத்தால் அசையாது. எங்களுக்கு ஐந்து பள்ளம் ஒழுங்காக முடிந்தது. ஆறாவதைச் சாப்பாட்டு நேரத்தில், நான் உள்ளே போயிருந்தபோது, பிளைவுட் இல்லாமலே போட்டுவிட்டார்கள். ஒரு போல்ட் அரை அங்குலம் நகர்ந்துவிட்டது. வெல்டர் தம்பி தகட்டின் துளையைக் கேஸ் கட்டரால் பெரிதாக்கிவிடலாம் என்றார். பெரிய துளையில் நட்டு ஒழுங்காக உட்காராது, காற்றில் ஆடும். வேண்டாம் என்று சொல்லி, போல்ட் நிற்கிற இடத்தை அட்டையில் அச்செடுத்து அந்த ஒரு தூணுக்கு மட்டும் புதுத் தகடு போட்டோம். ஒரு நாள் கூலி கூடியது, பரவாயில்லை.

கான்கிரீட்டைச் சாக்குப் போட்டு மூடிப் பத்து நாள் நனையுங்கள். காலையும் மாலையும் ஊற்றினால் போதாது, சாக்கு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அதற்குள் தூண் ஏற்ற அவசரப்படுத்துவார்கள், ஏழு நாளாவது பொறுங்கள்.

பைப் வாங்கும்போது தராசு

தூணுக்கு 60க்கு 60 மி.மீ. சதுர ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 2 மி.மீ. கனம். கைமரத்துக்கு 50க்கு 50, சட்டத்துக்கு 40க்கு 40. கனத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பெயிண்டில் எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். எடை போடுங்கள். 60க்கு 60, 2 மி.மீ. பைப் 6 மீட்டர் நீளம் ஏறக்குறைய 22 கிலோ இருக்கும். 18க்குள் நின்றால் அது 1.6 மி.மீ. பைப். கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். நேர்மையான கடையில் தராசு இருக்கும், கேட்டால் தாங்களே ஏற்றிக் காட்டுவார்கள்.

தூண்கள் தூக்குக்குண்டு வைத்து நேராக நின்றதும், மூலைகளில் 12 மி.மீ. கம்பியால் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இழுத்து வெல்டு செய்யுங்கள். நான்கு பக்கத்திலும் ஒவ்வொன்றாவது வேண்டும், கதவுப் பக்கத்தில் கதவுக்கு அடுத்த இடத்தில். இது இல்லாத கொட்டகை காற்றில் தீப்பெட்டி மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். தூணின் மேல்வாயை மூடித் தகடு வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பைப்புக்குள் தண்ணீர் இறங்கி உள்ளிருந்து அரிக்கும்.

ஜிஐ பைப் துருப்பிடிக்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். வெல்டு வைத்த இடத்தில் மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், அங்கே அது வெறும் இரும்பு. எங்கள் தெருவில் எந்தக் கொட்டகையைப் பார்த்தாலும் முதல் துரு வெல்டு மூட்டில்தான். வெல்டு ஆறியதும் சுத்தியால் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, அன்றைக்கே ஜிங்க் பிரைமர் இரண்டு கோட்டிங் அடியுங்கள். நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டால் இரவுக் கடல்காற்றே போதும், காலையில் பழுப்பு நிறம் தெரியும். அதன்மேல் சாதாரண எனாமல்.

கூரை

நடுவில் மோடு (உச்சி) வைத்து இரண்டு பக்கமும் சரியும் கூரைதான் நல்லது. நடுவில் இரண்டு அடி உயரம் கொடுத்தால் சரிவு போதுமான அளவு கிடைக்கும். தட்டையான கூரையையும் ஒற்றைச் சரிவுக் கூரையையும் காற்று அதிகமாகத் தூக்கும். புயலின் கண் கடக்கிற ஊரில் காற்று முதலில் வடக்கே இருந்து அடித்து, கொஞ்ச நேரம் ஓய்ந்து, அப்புறம் தெற்கே இருந்து திரும்பி அடிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் பலப்படுத்திப் பயனில்லை. இறவாணம் ஒரு அடிக்கு மேல் நீட்டாதீர்கள். நிழல் வேண்டுமென்று மூன்று அடி நீட்டினால் காற்று பிடித்துத் தூக்க நாமே கைப்பிடி வைத்துக் கொடுத்த மாதிரி.

ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். உடைந்தால் அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், புயலில் அது துண்டு துண்டாகப் பறந்து ஆளை வெட்டும். தென்னங்கீற்று குளிர்ச்சிதான், என் மனதுக்கும் பிடித்ததுதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கீற்று முடைகிற கைகளும் குறைந்துவிட்டன. நாங்கள் 0.50 மி.மீ. கலர் ஷீட் போட்டோம். 0.35இல் மலிவாகக் கிடைக்கும். அது ஸ்க்ரூ தலையைச் சுற்றிக் கிழிந்து, ஸ்க்ரூவைச் சட்டத்திலேயே விட்டுவிட்டுப் பறக்கும்.

ஒரு பக்கச் சரிவுக்கு ஆறரை அடி ஷீட். அதன்கீழ் நான்கு சட்டம்: மோட்டருகே ஒன்று, இறவாணத்தில் ஒன்று, நடுவில் இரண்டு. காற்று கூரையின் நடுவைவிட ஓரங்களையும் மூலைகளையும்தான் அதிகமாக இழுக்கும். அதனால் இறவாணம், மோடு, இரண்டு பக்க விளிம்பு ஆகிய இடங்களில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வேண்டும். நடுச்சட்டங்களில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு போதும். மோட்டுத் தகட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 170 வரும், 200 வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர் வாஷர் வைத்த செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, இரண்டேகால் அங்குலம். பழைய ஜே போல்ட் வேண்டாம், ஏன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஸ்க்ரூ மேட்டில்தான் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் தண்ணீர் அதன் வழியாகத்தான் வரும். வாஷர் லேசாக அழுந்தி ஷீட்டோடு படிந்தால் போதும். நசுங்கிப் பிதுங்குகிற அளவுக்கு முடுக்கினால் இரண்டு கோடையில் ரப்பர் வெடித்துவிடும். அன்றைய வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூரையை ஒருமுறை கூட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ இறங்கும்போது சுருள் சுருளாக வெளியே வரும் இரும்புத் துகள் ஷீட்டில் கிடந்தால், ஒரே பனியில் துருப்பிடித்து, பெயிண்ட்டைத் தின்று அங்கே ஓட்டை போடும். எங்கள் இரண்டாவது கொட்டகைக் கூரையில் மிளகு தூவிய மாதிரி புள்ளிகள் இருந்தன. ஒரு வருடம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது.

சுவர், கதவு, தரை

தூண்களுக்கு நடுவே பேஸ்மட்டச் சுவர் எழுப்பி, உள்ளே கிரவல் நிரப்புங்கள். மொத்தமாகக் கொட்டாமல் அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். அதன்மேல் மூன்று அங்குலம் கான்கிரீட், கதவுப் பக்கம் லேசான வாட்டம். சுவர் 6 அங்குல ஹாலோ பிளாக்கில் மூன்று அடி, அதற்குமேல் ஷீட். பாம்பும் எலியும் வராமல் இருக்க அந்த மூன்று அடியும் சந்தில்லாமல் இருக்கட்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் மோட்டுக்குக் கீழே ஒரு அடிக்கு இரண்டு அடி காற்றுப்போக்கி வைத்துக் கம்பி வலை அடியுங்கள். அக்னி நட்சத்திரத்தில் சூடு வெளியேற அது ஒன்றுதான் வழி. வெளிர்நிற ஷீட் போட்டால் உள்ளே கொஞ்சம் தாங்கலாம்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவைக் காற்று நேராகத் தள்ளிப் பிய்த்துவிடும். மூன்று கீல், மேலே ஒன்றும் கீழே ஒன்றும் டவர் போல்ட், நடுவில் தாழ்ப்பாள். கீழ்ப் போல்ட் இறங்கும் துளையைத் தரைக் கான்கிரீட்டில் பைப்புத் துண்டு புதைத்துச் செய்யுங்கள். எங்கள் முதல் கொட்டகையில் ஒரே ஒரு தாழ்ப்பாள்தான் இருந்தது.

கரண்ட் வேண்டுமென்றால் வீட்டு போர்டிலிருந்து தனி சுவிட்ச்சோடு, கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் டிரிப்பர் வைத்து, எர்த்தோடு எலக்ட்ரீஷியனை வைத்து இழுங்கள். கொட்டகையே இரும்பு, அதற்கும் எர்த் கொடுக்க வேண்டும். ஜன்னல் வழியாக ஒயரைத் தொங்கவிட்டு பல்பு போடுவது உயிருக்கு ஆபத்து.

உள்ளே எதையும் தரையில் வைக்காமல் ஒரு அடி உயரத்தில் தட்டு அடித்து வையுங்கள். விறகை மட்டும் சுவரோடு ஒட்டாமல் அடுக்குங்கள், கரையான் வந்தால் முதலில் கண்ணுக்குத் தெரியும்.

புரட்டாசியில் ஒரு நாள்

மழை தொடங்கும் முன், வருடத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நான் புரட்டாசியில் இரண்டாவது ஞாயிறு வைத்திருக்கிறேன். 24 நட்டையும் ஸ்பானர் போட்டு ஒருமுறை முடுக்குவேன். பெரும்பாலும் அசையாது, போன வருடம் இரண்டு அசைந்தன. மகன் ஏணியில் ஏறி ஓரத்து ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பார்ப்பான், வாஷர் வெடித்ததை மாற்றுவான். வெல்டு மூட்டில் பழுப்பு தெரிந்தால் தேய்த்துப் பிரைமர். தகட்டைச் சுற்றிச் சேர்ந்த மண்ணையும் சருகையும் கூட்டி எடுத்துவிடுவோம், அந்த ஈரச் சருகுதான் இரும்புக்கு எதிரி.

புயல் அறிவிப்பு வந்தால் ஏணியையும் வெளியே கிடக்கும் பலகைகளையும் உள்ளே போட்டுக் கதவின் மூன்று தாழ்ப்பாளையும் போட்டுவிட வேண்டும். காற்று தொடங்கிய பிறகு யாரும் கொல்லைக்குப் போகக் கூடாது.

12 மி.மீ. போல்ட்டுக்கான 19ஆம் நம்பர் ஸ்பானர் கொட்டகைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதன் பக்கத்து ஆணியில் அந்த நிமிர்ந்த ஜே போல்ட். இரண்டையும் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.